ஒரே ஒரு கவுண்ட்டர்

சனிக்கிழமை சாயங்காலம் கடலூர் ஆல்பேட்டையைத் தாண்டி வடக்கே பறக்கிற பைக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் முள்ளோடை, அப்புறம் பாண்டிச்சேரி! போவதில் பிரச்னையில்லை ஸார், திரும்புவதில்தான்.

'ஒரு மோர் அடி மாப்ளே, இறங்கிடும்!' என்பார் ஒரு நிபுணர். 'பச்சைத் தண்ணில மூஞ்சியைக் கழுவு' என்பார் இன்னொருவர். கல்லீரல் இதற்கெல்லாம் மசியாது. அது ரேஷன் கடை மாதிரி. ஒரே கவுண்ட்டர். நீங்கள் காலில் விழுந்தாலும் க்யூ அதன் வேகத்தில்தான் நகரும்.

முப்பது மில்லி பெக்கில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். அதைத் தீர்க்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே. நாலு பெக் என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். பைக்கோ முதல் பெக் தீருமுன்னே மஞ்சக்குப்பம் வந்துவிடும், வந்தால்! ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினாலே கேஸ்.

கவுண்ட்டரில் இருக்கும் என்ஸைம் அப்பாவி. வந்தது எதுவானாலும் முத்திரை குத்தும். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால், அதையும் மாற்றிவிடும். அது கடைசியில் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறிக்கும், உயிரையும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது இப்படித்தான்.

குடிக்காமலிருந்தால் உத்தமம். மீறிப் போனால், பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு, க்யூ நகர்கிற வேகமெல்லாம் தெரியாது.