காட்சிச் சாலையில் ஒரு கிராமம்

ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்பதாக ஒரு காட்சிச் சாலை இருக்கின்றது. ஆர்ட்டுர் ஹசேலியஸ் என்பவர் 1891-ம் வருஷத்தில் அதை ஆரம்பித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் சாமான்களை அடுக்கி வைக்கும் சாலையல்ல இது. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் குடியானவன் வீடு, தொழுவம், காற்றாலை, கோயில் முதலியவைகளைப் பிரித்துக் கொண்டு வந்து ஒரு குன்றின் மேல் திறந்த வெளியிலே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். இன்று சுமார் 150 கட்டடங்கள் உள்ளன. பழைய உடுப்பு உடுத்தியவர்கள் அடுப்பில் ரொட்டி சுட்டுக் காட்டுகிறார்கள்.

இப்படி வைத்ததில் நமக்கு ஆட்சேபணை இல்லை. இதைப் பார்த்துவிட்டு, "ஆகா, அந்தக் காலத்துக் கிராம வாழ்வே வாழ்வு! நமது பழமையையும் இப்படிக் காப்பாற்ற வேண்டாமா?" என்று பெருமூச்சு விடுகிற கனவான்களிடந்தான் நமக்கு வழக்கு. அவ்வளவு நல்ல வாழ்வாயிருந்தால் அதை அநுபவித்தவர்கள் ஏன் ஓடினார்கள்? 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரையில் சுமார் 12 லட்சம் பேர் ஸ்வீடனை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1900-ம் வருஷத்தில் அந்நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 51 லட்சந்தான். சொர்க்கத்தை விட்டு இத்தனை பேர் மூட்டை கட்டுவார்களா?

அங்கே செக்ளோரா என்னும் ஊரின் மரக் கோயிலை 1916-ல் கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இன்று அதில் கல்யாணம் செய்து கொள்ளுகிறவர்கள் அநேகர். ஆனால் அம்மாதிரிக் கோயில்களின் பாதிரி அந்நாளில் என்ன செய்து கொண்டிருந்தார்? ஊராரைக் கூட்டி வைத்து வேதத்தில் பரீட்சை நடத்தி, யார் தேறினான், யார் தேறவில்லை என்று கணக்கில் எழுதிக் கொண்டிருந்தார். 1726 முதல் 1858 வரையில், பாதிரியின் உத்தரவில்லாமல் அக்கம்பக்கத்தார் நாலுபேர் ஒரு வீட்டில் கூடி அதே வேதத்தைப் படித்தாலும் குற்றம்! அபராதம், சிறை, நாடு கடத்தல் வரைக்கும் போனது. சொந்த வேதத்தைப் படிப்பதற்கே இந்தக் கதியென்றால், வேதமே வேண்டாமென்றவன் கதி என்னவாகியிருக்கும்? மரத்தைக் காப்பாற்றினார்கள், சரி. இந்தக் கணக்கையும் வாசலில் எழுதி வைக்கட்டும் என்கிறோம்.

கூலிக்காரன் சங்கதி இதைவிட மோசம். பெரிய பண்ணைகளில் "ஸ்டாட்டாரே" என்ற பண்ணையாட்கள் இருந்தார்கள். கல்யாணமானவனைத்தான் குடும்பத்தோடு ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வைப்பார்கள். கூலியில் பெரும் பாகம் தானியம், பால், விறகு, ரொக்கம் சொற்பம். நமது தஞ்சாவூர்ப் பண்ணையாளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெண்சாதி விடியுமுன் எழுந்து பண்ணை மாடுகளைக் கறந்தாக வேண்டும். அதற்கு அந்த ஜனங்கள் இட்ட பெயர் "வெள்ளைச் சவுக்கு". அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம் முடியும். ஒரு வார ஓய்வு. அதற்குள் சட்டி பானையையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக் கொண்டு அடுத்த பண்ணைக்குப் போக வேண்டியதுதான்.

இந்த முறை ஒழிந்தது 1945-ல். ஒழித்தவன் கர்த்தரல்ல, பாதிரியுமல்ல, மனம் இளகிய பண்ணைக்காரனுமல்ல. விவசாயத் தொழிலாளர் சங்கம் முதலாளிகளோடு பேசிச் செய்து கொண்ட ஒப்பந்தத்தால் ஒழிந்தது.

ஸ்கான்சனை நடத்துகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்கோகாஹோல்ம் என்னும் பிரபு மாளிகையைக் கொண்டு வந்து வைத்ததோடு நில்லாமல், பண்ணையாட்கள் அடைந்து கிடந்த வரிசை வீட்டையும் பிற்காலத்தில் கொண்டு வந்து வைத்தார்கள். இது யோக்கியமான காரியம் என்றே சொல்லுவோம்.

நம் முட்டுக்காட்டிலும் 1996 முதல் தக்ஷிணசித்ரா என்று இப்படியொரு சாலை உண்டு. அக்கிரகாரத்து வீட்டையும் செட்டிநாட்டு வீட்டையும் அங்கே பார்க்கலாம். போகிற தோழர்கள் தூணையும் திண்ணையையும் தாராளமாகத் தடவிப் பார்க்கட்டும். கூடவே, அந்தத் திண்ணையில் அந்நாளில் யார் யார் உட்காரலாம், யார் யார் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதையும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பிள்ளைகள் நம்ப மாட்டேனென்றால் வீட்டிலுள்ள தாத்தாவைக் கேட்கச் சொல்லட்டும்.