குழி தோண்டுமுன் பங்கு பேசுங்கள்

பருவமழை நெருங்கினால் நம் துறையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை கன்று? குழிக்கணக்கு, நாற்றங்கால் இருப்பு, நட்ட அன்று எடுத்த படம் என்று கோப்பு நிறைந்துவிடும். அடுத்த சித்திரையில் அதே சரிவில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

ஆட்டுக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை என்பதை அரியானாவின் சுகோமாஜ்ரி காட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1958-இல் உருவான சண்டிகரின் சுக்னா ஏரி வேகமாகத் தூர்ந்துவந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று ஓடையைப் பிடித்து மேலேறியவர்கள், சிவாலிக் அடிவாரத்தில் இந்தச் சிற்றூரின் மொட்டைச் சரிவுகளில் போய் நின்றார்கள். மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சண்டிகர் மையத்தில் இருந்த பி.ஆர். மிஸ்ராவின் குழு தடுப்புகள் கட்டியது, மரம் நட்டது. மேய்ச்சல் நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? ஏரி நகரத்தாருடையது, ஆடு இவர்களுடையது.

1976-இல் தொடங்கிக் கட்டிய சிறு மண் அணைகளின் நீர் வயலுக்கு வந்ததும் ஊரின் பேச்சு மாறியது. ஆனால் முதலில் பலன் பெற்றவை அணைக்குக் கீழே நிலம் இருந்த சில வீடுகளே. மற்றவர்கள் முறுக்கிக்கொண்டார்கள், எங்களுக்குத் தண்ணீர் இல்லையென்றால் மேய்ச்சலை எதற்கு விட வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. அதன் பிறகு குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று நீர் பிரிக்கப்பட்டது. நிலமில்லாதவரும் தம் பங்கை நிலமுள்ளவருக்கு விற்கலாம். அதோடு, முள்கம்பி இல்லாமலே சரிவு காக்கப்பட்டது. ஆடு குறைந்து எருமை பெருகியது. புல்லை அறுத்துவந்து கொட்டிலில் போட்டார்கள். காசுக்கட்டி தரும் கைர் மரங்களுக்கிடையே கயிற்றுக்கும் காகிதத்துக்கும் உதவும் பாபர் புல் தழைத்தது. ஒப்பந்தக்காரர் கையிலிருந்த அந்தப் புல்லின் குத்தகையை வனத்துறை பின்னர் ஊர்ச்சங்கத்துக்கே கொடுத்தது. ஏரிக்குப் போன வண்டலும் வெகுவாகக் குறைந்தது. (எல்லாம் நிலைத்துவிடவில்லை, அணைகள் சில பின்னாளில் தூர்ந்துபோயின. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத திட்டங்களுக்கு இது புதிதல்ல.)

பட்டா நிலத்து வரப்பில் தேக்கோ மலைவேம்போ வைப்பவருக்கு மரம் சொந்தம். அவர் காவல் காத்துக்கொள்வார். நம் திட்டங்கள் தோற்பது புறம்போக்கிலும் காட்டோரச் சரிவிலும். நீர்வடிப்பகுதிக் குழுவின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: கிணறு வைத்திருப்பவர் பெயர் இருக்கும், ஆடு வைத்திருப்பவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த ஆண்டு திட்ட அறிக்கை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புல், விறகு, நீர் மூன்றிலும் யாருக்கு எவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசிக் கையெழுத்தான தாளை முதல் பக்கத்தில் வையுங்கள். கன்றுக்கணக்கு, மூன்றாவது கோடை கழிந்தபின் எண்ணியதாக இருக்கட்டும்.