பூட்டிய அலமாரியில் ஒரு புத்தகம்

“மாலைச் செபமாலை முடிந்தபின் வாசிக்க நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள் சாமி, ஆனால் அது ஞானவாசகமாக இருக்கவேண்டாம்” என்று நம் பங்கின் ஆசிரியை ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். துப்பறியும் கதை ஆகுமா என்றோம். கொலை உண்டா என்றார். ஒன்றல்ல, பல உண்டு. அவையும் ஒரு துறவு மடத்துக்குள்ளேயே நிகழ்கின்றன என்று சொன்னதும் அவர் முகம் சற்றே மாறிற்று.

நாம் சொன்ன நூல் இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’. 1980-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1983-இல் வில்லியம் வீவர் அதை ஆங்கிலமாக்கினார். எக்கோ (1932–2016) பொலோஞா பல்கலைக்கழகப் பேராசிரியர். புனித தோமாஸ் அக்குயினாரின் அழகியற் கொள்கையை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். இளமையில் கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தில் உழைத்துப் பின்னர் விசுவாசத்தை விட்டு விலகியவர். இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விலகிச் சென்றவராயினும், தாம் விட்டுவந்த வீட்டின் ஒவ்வோர் அறையும் அவருக்கு நினைவிருந்தது.

கதை 1327-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், வட இத்தாலியின் மலைமேலுள்ள பெனடிக்டின் மடமொன்றில் நடக்கிறது. ஆங்கில நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவியான பாஸ்கர்வில் வில்லியம், தம் சீடனான அத்சோ என்னும் நவசந்நியாசியுடன் பனியில் மலையேறி வருகிறார். குளம்படிகளையும் ஒடிந்த கிளைகளையும் கண்டே, தாம் பார்த்திராத மடாதிபதியின் குதிரை எவ்வழி ஓடிற்றென்றும் அதன் பெயர் யாதென்றும் கூறிவிடுகிறார். அப்போதே வாசகனும் அவர் சீடனாகிவிடுகிறான். அவர்கள் வருமுன்னரே, ஏடுகளுக்குச் சித்திரம் தீட்டிய இளந்துறவி ஒருவர் மலைச்சரிவில் இறந்து கிடந்தார். மறுநாள் விடியலில் இன்னொருவர், பன்றி இரத்தம் நிரம்பிய பெருஞ்சாடியில் தலைகீழாகக் காணப்படுகிறார். ஏழு நாட்கள், ஒவ்வொரு நாளும் மடத்துச் செபவேளைகளின்படியே அதிகாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரவு மணி ஒலிக்கும்போதெல்லாம், யார் இடம் வெறுமையாக இருக்கிறதோ என்று நம் கண்களும் பாடகர் இருக்கைகளைத் தேடுகின்றன.

எல்லா வழிகளும் நூலகத்தையே சென்றடைகின்றன. அது வழிதப்பச் செய்யும் அறைகளின் பின்னல். பொறுப்பாளர் தவிர வேறெவரும் நுழையலாகாது. அங்கே மறைக்கப்பட்ட நூல் ஒன்று. அதை மறைத்தவர் யார், ஏன் என்பதை நாம் சொல்லிவிட்டால் ஆசிரியை நம்மை மன்னிக்கமாட்டார்.

இடையே பெரியதொரு வழக்கும் நடக்கிறது. கிறிஸ்துவும் அப்போஸ்தலர்களும் யாதொரு சொத்தும் உடையவராயிருந்தனரா என்பதே அது. அவிஞ்ஞோனிலிருந்து ஆண்ட பாப்பரசர் 22-ஆம் அருளப்பரும் பிரான்சிஸ்கன் சபையாரும் இதில் மோதிக்கொண்டது மெய்யான வரலாறு. விசாரணை அதிகாரி பெர்னார்து குயியும் வாழ்ந்த மனிதரே. மடத்துப் பண்டகசாலைப் பொறுப்பாளரை அவர் விசாரிக்கும் பகுதி நமக்கு வேதனையாயிருந்தது. வாசிப்போர் அதைப் புரட்டித் தள்ளிவிடவேண்டாம்.

நம்மைக் கட்டிப்போட்டதோ வேறொரு வழக்கு. ஆண்டவர் சிரித்தாரா? சிரிப்பு அச்சத்தைக் கொன்றுவிடும், அச்சமின்றி விசுவாசம் நில்லாது என்று முதிய துறவி ஒருவர் சினக்கிறார். சிரிப்பு மனிதனுக்கே உரிய இயல்பென்று வில்லியம் வாதிக்கிறார். நாம் முதலில் முதியவர் பக்கமே சாய்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இனி நம் குற்றத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் பங்கு இளைஞர் ஒருவர் இந்நூலை நம் நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார. நாம் புரட்டியபோது கண்ணில் பட்டது, நவசந்நியாசி அடுக்களை இருளில் ஒரு கிராமத்துப் பெண்ணிடம் தவறிய பக்கம். அந்த ஒரு பக்கத்தோடு நம் வாசிப்பு முடிந்தது. நூல் அறைவீட்டு அலமாரிக்குள் சென்றது, சாவி நம் சட்டைப்பையில். இளைஞர் இருமுறை கேட்டார். அட்டை போடக் கொடுத்திருக்கிறோம் என்றோம். மூன்றாம் முறை அவர், “வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சாமி, பொய் மட்டும் சொல்லவேண்டாம்” என்று மெல்லக் கூறிப் போய்விட்டார். பிறகு நூலகத்துக்கு அவர் வரவில்லை.

அன்றிரவு எடுத்து வாசிக்கத் தொடங்கினோம். திருச்சபையே தன் தடைநூற் பட்டியலை 1966-இல் கைவிட்டுவிட்டது. நாமோ சொந்தமாக ஒரு பட்டியல் நடத்தி வந்திருக்கிறோம்! ஆறாம் நாள் அதிகாரத்தை அடைந்தபோது விடிந்துவிட்டது. பூட்டிய நூலும் அதைக் காக்கும் கையும் பற்றிய வரிகளை வாசிக்கையில் சாவி தொடையில் உறுத்திற்று.

வாசிப்போருக்குச் சில எச்சரிக்கைகள். முதல் நூறு பக்கங்கள் செங்குத்தான ஏற்றம். அவற்றைச் சுருக்குமாறு நண்பர்கள் கேட்டும் எக்கோ மறுத்தார். வாசகனுக்கு அது ஒரு தவமுயற்சி என்பது அவர் எண்ணம். இலத்தீன் வாக்கியங்கள் பல மொழிபெயர்ப்பின்றி நிற்கின்றன. அவற்றைத் தாண்டிச் சென்றாலும் கதை அறுந்துவிடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்நூல் ஆகாது. அடுக்களைப் பக்கம் மட்டுமன்று, சாவுகளும் கொடியவை. 1986-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் முடிவு தெரிந்துவிட்டதாக எண்ணவேண்டாம். நாவலின் முடிவு வேறு.

மறுநாள் திருப்பலிக்குப்பின் இளைஞர் வீட்டுக்குச் சென்றோம். அவர் தாயார் காப்பி கொடுத்தார். நூலை நீட்டி, கொலைகாரர் யாரென்று ஐந்தாம் நாளே கண்டுகொண்டதாகப் பெருமை பேசினோம். “நான் மூன்றாம் நாளே கண்டுபிடித்தேன் சாமி” என்றார் அவர். நூல் இப்போது பொது அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. இவ்வாரம் மட்டும் ஆசிரியையிடம்.