வலிக்காத பல்லுக்கும் பட்ஜெட் போடுங்க

எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் பாலிசி, ஹெல்த் இன்ஷூரன்ஸ் மூணும் இருக்கா? ரொம்ப சந்தோஷம். சரி, கடைசியா பல் டாக்டர்கிட்ட எப்போ போனீங்க? பல பேரோட பதில், "வலிச்சப்போ".

பயம், லீவு கிடைக்காதது, சோம்பல்னு காரணம் நிறைய இருக்கு. ஆனா சம்பளக்காரங்களுக்குப் பெரிய தடை வேறன்னு நான் நினைக்கிறேன். நாம பணத்துக்குப் போட்டு வெச்சிருக்கிற எந்தத் திட்டத்திலயும் பல்லுக்கு இடமே இல்லை.

இன்ஷூரன்ஸைப் பாருங்க. சாதாரண ஹெல்த் பாலிசி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாதான் பணம் தரும். பல் சிகிச்சையோ நாற்காலியில் உட்கார்ந்தே முடிஞ்சிடும். விபத்தில் பல் உடைஞ்சு அட்மிட் ஆகுற மாதிரி சூழ்நிலை தவிர, பெரும்பாலான பாலிசிகள் பல்லைச் சேர்க்கிறதில்லை. ஓபிடி கவர் இருந்தா கொஞ்சம் கிடைக்கலாம்.

வரியிலயும் பெரிசா உதவி இல்லை. பழைய வரிமுறையில் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கழிவின் 25,000 ரூபாய் வரம்புக்குள்ள, முன்கூட்டியே செய்யுற உடல் பரிசோதனைக்கு 5,000 வரை கழிவு உண்டு. ஆனா நம்ம வயசுக்காரங்களோட சிகிச்சைச் செலவு அதில் வராது. புதிய வரிமுறையில் இந்தக் கழிவே கிடையாது.

அதனால "கிளைம் கிடைக்காது, வரியும் குறையாது, வலியும் இல்லை, அப்புறம் பார்க்கலாம்"னு தள்ளிப்போடுறோம். பைக் இன்ஷூரன்ஸ்கூடத்தான் சர்வீஸுக்குப் பணம் தராது. அதுக்காக ஆயில் மாத்தாமலா ஓட்டுறோம்?

வலி வரட்டும்னு காத்திருக்கிறதுதான் இதில் பெரிய ஆபத்து. பல்லோட மேல் ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அங்க இருக்கிற வரைக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி தூங்க விடாத அளவுக்கு வலிக்குதுன்னா, பெரும்பாலும் அது உள்ளே நரம்பு வரைக்கும் போயிருக்கும். சின்னதா அடைச்சு முடிச்சிருக்க வேண்டியது ரூட் கனால், கேப்னு நீளும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஊருக்கு ஊர் விலை மாறும். வருஷத்துக்கு ஒரு செக்கப், க்ளீனிங் 1,500 ரூபாய்னு வைங்க. ரூட் கனாலும் கேப்பும் சேர்ந்து 12,000. அதாவது எட்டு வருஷ செக்கப் செலவு ஒரே பல்லில் போயிடும். வருஷா வருஷம் போனா சொத்தையே வராதுன்னு சொல்லலை. வந்தாலும் சின்னதா இருக்கும்போதே கண்டுபிடிக்கலாம். வலியோட போறவர் நாலு இடத்தில் விலை விசாரிக்கிற நிலைமையில் இருக்க மாட்டார். இஎம்ஐ ஃபார்ம் நீட்டினா கையெழுத்து போட்டுட்டு வந்துடுவார்.

"போனா ஏதாவது ஒண்ணைச் சொல்லி பில்லைப் போடுவாங்க"ங்கிற சந்தேகமும் பல பேருக்கு இருக்கு. அது நியாயமான சந்தேகம்தான். அதுக்குத் தீர்வு போகாம இருக்கிறது இல்லை, வலிக்கிறதுக்கு முன்னாடியே போறதுதான். எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க. எக்ஸ்ரே காப்பி கேளுங்க. வலியும் வீக்கமும் இல்லைன்னா இன்னொரு டாக்டரைப் பார்த்துட்டு முடிவெடுக்க நேரம் இருக்கும்.

"க்ளீன் பண்ணா பல் ஆடும்"னு வீட்டில் சொன்னாங்கன்னா அதையும் நம்பாதீங்க. இடுக்கை அடைச்சிருந்த காரை போனதும் இடைவெளி தெரியுது, அவ்வளவுதான்.

என் யோசனை இதுதான். மாசம் 300 ரூபாய் தனியா ஒதுக்குங்க. வருஷத்துக்கு 3,600. மேலே சொன்ன கணக்குப்படி செக்கப், க்ளீனிங் போக 2,100 மிஞ்சும். சின்ன சொத்தை இருந்தா அதுக்கு வெச்சுக்கலாம், இல்லைன்னா அடுத்த வருஷத்துக்குச் சேரட்டும்.

சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா, அங்க பல் சிகிச்சை எங்க கிடைக்கும்னு முதல்ல விசாரிங்க. மாசாமாசம் உங்க பணமும் அதில் போகுது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் பொதுவா குறைவு. ஆனா கொஞ்சம் நேரம் ஒதுக்கணும்.

குரூப் பாலிசி புதுப்பிக்கிற நேரத்தில் ஹெச்ஆர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "ஓபிடியில் பல் சேர்க்க முடியுமா?" ஒருத்தர் கேட்டா மெயிலோட நின்னுடும். டீம்ல 20 பேர் கேட்டா பேச்சுவார்த்தைக்கு வரும்.