கீசரை எப்போதும் போட்டு வைப்பது சிக்கனமா?

மார்கழி, தை மாதங்களின் சுப்ஹு வேளையில் நம் அவிநாசிபாளையம் வீடுகளில் குழாய்த் தண்ணீர் கையைக் கடுக்கிறது. உளூவுக்கும் குளிப்புக்கும் வெந்நீரைப் பயன்படுத்த மார்க்கத்தில் தடையில்லை. ஆனால், "கீசரை அணைத்து அணைத்துப் போட்டால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும், போட்டபடியே விடுவதுதான் சிக்கனம்" என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது சரியன்று.

25 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம் தேவை. 2000 வாட் கீசர் அதை அரை மணி நேரத்தில் செய்துவிடும். அதன்பின் தொட்டியின் சூடு வெளியே கசிகிறது. சுற்றுப்புறத்தைவிட நீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகக் கசிகிறது. போட்டபடியே விட்டால், கீசர் இரவு பகலாக அந்த இழப்பை ஈடுசெய்துகொண்டே இருக்கும். அணைத்துவிட்டால் நீர் ஆற ஆற இழப்பும் குறைகிறது. இழந்த சூட்டை மட்டுமே மறுபடியும் ஏற்ற வேண்டியிருப்பதால், அணைத்துப் போடுவதில் செலவு கூடாது. வெப்பக்காப்பு நன்றாக உள்ள தொட்டியில் இந்த வேறுபாடு சுருங்கும், தலைகீழாக மாறாது.

குளிர்நாடுகளில் வாழும் நம் உறவினர்களுக்கு, வீட்டையே சூடாக்கும் ஹீட்டர் குறித்து இதே ஐயம் உண்டு. தேவையான நேரத்தில் மட்டும் இயக்குவதே சிக்கனம் என்பதே பிரிட்டனின் எனர்ஜி சேவிங் டிரஸ்ட் அமைப்பு கூறும் பதிலும்.

தமிழகத்தில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைக் கடந்தாலோ கட்டண விகிதமே மாறுகிறது. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் குடும்பத்துக்கு அந்த எல்லை சிறிய விஷயமன்று. பள்ளிவாசலின் மின்கட்டணமோ ஜமாஅத்தாரின் சந்தாப் பணம், அது அமானிதம். உளூச் செய்யுமிடத்துக் கீசருக்கு ஒரு டைமர் பொருத்துவது நிர்வாகத்தாரின் கடமை என்றே நாம் கருதுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கை கொள்ளும் அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி. நீரிலேயே அத்தகைய அளவைக் கற்ற சமுதாயம், அந்நீரைச் சூடாக்கும் மின்சாரத்தை அளவின்றிச் செலவிடலாகாது. பாங்குக்கு அரை மணி முன்பு கீசரைப் போடுவோம். நீர் சூடானதும் அணைப்போம். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் வரை அந்தச் சூடு பெரும்பாலும் தாங்கும்.

வீண்விரயத்திலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக.