"ஒரு ஆட்டம்தானே" என்று சொல்லாதீர்கள்: புரோ கபடிக்கு நடுவில் இன்னொரு கோப்பை எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

இரண்டு நாளாக நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. அமெரிக்காவில் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் பருவத்தின் நடுவிலேயே தனியாக ஒரு கோப்பைப் போட்டி வைக்கிறார்கள், அதே மாதிரி நம் புரோ கபடி லீக்கிலும் வைக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தம்பி ஆரம்பித்து வைத்தான். இருபது பேர் கைதட்டினார்கள். நான் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை போட்டேன். "சாருக்கு வயசாயிடுச்சு" என்று பதில் வந்தது. வயசானது உண்மைதான். அதனால்தான் குழுவில் விரலால் தட்டித் தட்டிச் சண்டை போட முடியவில்லை. இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தத் தம்பி சொன்னதை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். என்.பி.ஏ.வில் 2023-இல் இந்தக் கோப்பையைத் தொடங்கினார்கள். லாஸ் வேகாஸில் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் லேக்கர்ஸ் அணி இந்தியானா பேசர்ஸை வென்றது. வென்ற அணியின் வீரர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் டாலர். நம் பணத்தில் 4 கோடி ரூபாய்க்கு மேல். நவம்பர் மாதம் தூங்கி வழிந்துகொண்டிருந்த லீக்குக்கு உயிர் வந்தது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தம்பி, மருந்து வாங்குவதற்கு முன் நோய் என்ன என்று பார்க்க வேண்டாமா?

என்.பி.ஏ.வில் ஒரு அணிக்கு 82 ஆட்டம். அக்டோபரில் தொடங்கினால் ஏப்ரல் வரை இழுக்கும். 82-இல் ஒன்று தோற்றால் யாருக்கும் தூக்கம் கெடாது. அதுதான் அவர்கள் நோய். நம் புரோ கபடியில் 2024-இல் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 22 ஆட்டம். பன்னிரண்டில் ஆறு அணிதான் அடுத்த சுற்றுக்குப் போனது. இரண்டு ஆட்டம் தோற்றால் அட்டவணையில் தலைகீழாக விழுவாய். ஒவ்வொரு ஆட்டமும் ஏற்கெனவே உயிர் போகிற ஆட்டம்தான். அவனுக்குத் தலைவலி என்று நாம் மாத்திரை விழுங்க முடியுமா?

இன்னொன்றும் கவனி. என்.பி.ஏ. கோப்பையின் ஆட்டங்கள் வழக்கமான 82-க்குள்ளேயே கணக்காகிவிடுகின்றன. கூடுதலாக வருவது இறுதி ஆட்டம் ஒன்றுதான். அதே மாதிரி இங்கேயும் இருக்கிற ஆட்டங்களுக்குள் வைக்கலாமே என்பாய். அப்படி வைத்தால் புதிதாக வந்தது என்ன? ஒரு பெயரும் ஒரு விளம்பரப் பலகையும். பழைய சோற்றுக்குப் புது இலை.

முதல் கோப்பை வாங்கிய லேக்கர்ஸும், 2024-இல் வாங்கிய மில்வாக்கி பக்ஸும் அந்தந்தப் பருவத்தின் பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறின. கோப்பையால்தான் தோற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர் ரசிகன் எதை நினைத்து அழுதிருப்பான் என்று யோசித்துப் பார்.

"கூடுதலா நாலஞ்சு ஆட்டம் வைத்தால்தான் என்ன சார்?" என்று கேட்டான் இன்னொருவன். கூடுதலாக வைத்துப் பார்க்காதவர்களா? 2016-இல் ஒரே ஆண்டில் இரண்டு பருவம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டே ஆண்டுக்கு ஒன்று என்று திரும்பிவிட்டார்கள். 2017-இல் தமிழ் தலைவாஸ் உட்பட நான்கு புது அணிகளைச் சேர்த்து, மூன்று மாதம், 138 ஆட்டம் நடத்தினார்கள். கபடி கிடைக்காமல் நாம் யாரும் பசியோடு இல்லை.

2024-இல் அக்டோபர் 18-இல் தொடங்கி டிசம்பர் கடைசிக்குள் முடித்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு அணிக்குச் சராசரியாக மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம். "என்.பி.ஏ.வில் இரண்டு நாளைக்கு ஒன்று ஆடுகிறானே" என்று கேட்பீர்கள். கூடைப்பந்தில் கையைப் பிடித்து இழுத்தால் ஃபவுல். கபடியில் பிடித்து விழுத்துவதுதான் ஆட்டமே. கணுக்காலை ஒருவன் பிடிக்க, இடுப்பில் ஒருவன் விழ, மேலே மூன்று பேர் ஏற, ஒருவன் கோட்டைத் தொடக் கை நீட்டுகிறான். அந்த முழங்காலுக்கு யார் பொறுப்பு?

2022-இல் நம் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அவருக்கு நல்ல மருத்துவம் கிடைத்தது. திரும்பி வந்தார், அடுத்த ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கமும் வாங்கினார். மகிழ்ச்சி. எல்லாருக்கும் அப்படியா நடக்கிறது?

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் உடற்கல்வி ஆசிரியன் இல்லை. சமூக அறிவியல் ஆசிரியன். அப்போது எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலி. அதனால் கபடிக் குழுவோடு போகிற வேலை என் தலையில் விழுந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், ஆலங்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கபடி. ஊர்க் குழுவில் ஆள் குறைகிறது என்று பெரிய பையன்களைக் கூப்பிட்டார்கள். நம் ஊர்ப் போட்டி எப்படி என்று தெரியும்தானே? சாயங்காலம் தொடங்கினால் விடிவதற்குள் கோப்பை கொடுத்தாக வேண்டும். இறுதிக்குப் போகிற குழு ஒரே ராத்திரியில் நாலு, ஐந்து ஆட்டம் ஆடும். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பாடிப் போனால் இரண்டு பேரைத் தொடாமல் வரமாட்டான். அரையிறுதி முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், முட்டி ஒரு மாதிரி இருக்கு" என்றான். மணி மூன்று. ஊரே உட்கார்ந்திருக்கிறது. நான் சொன்னேன்: "ஒரு ஆட்டம்தானேடா, போ."

போனான். கோப்பை கிடைத்தது. முட்டி போனது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டுக் கட்டுக் கட்டினார்கள். எம்.ஆர்.ஐ. என்ற பேச்சே அன்று எங்களுக்குத் தெரியாது. காவல்துறைத் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்தவன். அதன்பிறகு ஓடவே இல்லை. இன்று லோடு வண்டி ஓட்டுகிறான். எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறான். வண்டியிலிருந்து இறங்கும்போது ஒரு பக்கமாகத்தான் இறங்குவான். அதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறவன் நான்.

அதனால் "நாலஞ்சு ஆட்டம்தானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

"பரிசுப் பணம் சின்ன வீரர்களுக்கு உதவுமே சார்" என்றாள் ஒரு மாணவி. குழுவிலேயே நல்ல கேள்வி அதுதான். ஏலத்தில் ஒருவருக்கு இரண்டரைக் கோடி, கடைசிப் பிரிவு வீரருக்கு அடிப்படை விலை 9 லட்சம். இடைவெளி பெரிதுதான். அப்படியானால் அந்த 9 லட்சத்தை உயர்த்தச் சொல்வோம். முழங்காலைப் பணயம் வைத்து ஜெயித்தால்தான் பணம் என்பது உதவி ஆகாது அம்மா, சூதாட்டம்.

சரி, எதுவுமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கோப்பை வேண்டும். பருவத்தின் நடுவில் வேண்டாம், வெளியே வேண்டும். அதே பன்னிரண்டு அணிக்குள் வேண்டாம்.

காப்பி அடிப்பதென்றால் நல்ல பேப்பரைப் பார்த்து அடியுங்கள். இங்கிலாந்தில் 1871-இல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பை இருக்கிறது. பகலில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சி எடுக்கிற சின்ன ஊர்க் குழுவும் அதில் நுழையலாம். ஜெயித்துக்கொண்டே போனால் ஒருநாள் பெரிய குழுவோடு மோதலாம். நமக்கு வேண்டியது அந்த மாதிரிக் கோப்பை. முதலமைச்சர் கோப்பைக்கு மாவட்டம் மாவட்டமாகக் கபடி அணிகளைத் திரட்டத் தெரிந்த நமக்கு இது முடியாதா? லீக் நடக்காத மாதங்களில் 38 மாவட்டங்களிலிருந்தும் அணிகள் வரட்டும். கடைசிச் சுற்றில் தலைவாஸின் இளம் வீரர்களோடு ஆடட்டும். புதுக்கோட்டையில் ஒன்று, வடுவூர்ப் பக்கம் ஒன்று, தூத்துக்குடியில் ஒன்று என்று நடக்கட்டும்.

மூன்று நிபந்தனை. ஒரு அணிக்கு ஒரு நாளில் ஒரே ஆட்டம். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் காப்பீடு. பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் விசில் ஊதக் கூடாது.

கூடவே, லீக்குக்கு ஒரு மாதத்தை நிலையாக வையுங்கள். 2023-இல் டிசம்பரில் தொடங்கினார்கள், 2024-இல் அக்டோபர், 2025-இல் ஆகஸ்ட். எப்போது ஆரம்பம் என்றே தெரியாத பருவத்துக்கு நடுவைத் தேடிக் கோப்பை வைக்கச் சொல்கிறீர்கள்! 2024-இல் ஹைதராபாத், நொய்டா, புணே மூன்றே ஊரில் முழு லீக்கும் முடிந்தது. தமிழ் தலைவாஸ் தமிழ்நாட்டில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த ஆண்டு நம்மைக் கோப்பை கேட்க வைத்திருக்க வேண்டும். இன்னொரு டி.வி. கோப்பையை இல்லை, நம் ஊர் மண்ணுக்கு வருகிற கோப்பையை.

மணத்தி கணேசனும் சேரலாதனும் கிராமத்து மண்ணில் விழுந்து எழுந்து வந்தவர்கள்தான். இந்த லீக் அந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் திருப்பிக் கொடுக்கட்டும்.

சிங்கப்பூர்த் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நம் ஊர்க் கபடிக்கு நன்கொடை கேட்டு வருவார்கள். கோப்பை பெரிதாக வேண்டும் என்று கொடுக்காதே. இரண்டு நாள் போட்டியை நான்கு நாளாக்கினால்தான் கொடுப்பேன் என்று சொல். நானும் என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கு போடுகிறேன்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள். பள்ளியிலேயே கேள்வியைப் படிக்காமல் விடை எழுதியவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.