பூட்டிய கருவூலமும் பட்டினி கிடக்கும் ஆய்வும்

உலகுக்கே அறிவியல் கற்பிப்பதாகப் பெருமை பேசும் ஒரு வல்லரசு, தன் ஆய்வுக்கூடங்களின் அடுப்பில் தானே நீரூற்றி அணைத்துவிட்டு, அதனைச் சட்டத்தின் கட்டளை என்று கைவிரிக்குமாயின், அச்சட்டத்தையும் அதனைச் சாக்காக்குவோரையும் ஒருங்கே உசாவுதல் வேண்டுமன்றோ? அமெரிக்கக் கூட்டரசில் இஃது ஒருமுறை தவறி நேர்ந்த நிகழ்ச்சியன்று. 2013 அக்தோபரில் 16 நாள். 2018 திசம்பர் 22 முதல் 2019 சனவரி 25 வரை 35 நாள். 2025 அக்தோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். முன்னையதினும் பின்னையது நீண்டுகொண்டே வந்துள்ளது. எல்லைச் சுவருக்கு 570 கோடித் தாலர் வேண்டும் என்பது 2018-இன் பூசல். மருத்துவக் காப்பீட்டுக்கான உதவித்தொகையை நீட்டுவதா வெட்டுவதா என்பது 2025-இன் பூசல். இவ்விரண்டிற்கும் உயிரணு ஆயும் மாணவனுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆயினும் அடி அவன் முதுகில்தான் விழுந்தது.

சட்டத்தால் ஒதுக்கப்படாத பணத்தைக் கருவூலத்தினின்று எடுத்தலாகாது என்பது அந்நாட்டு அரசமைப்பின் நெறி. நல்ல நெறியே, மக்கள் பணத்திற்கு மக்கள் மன்றம் காவல். அக்தோபர் முதல் நாள் அவர்களின் கணக்காண்டு பிறக்கிறது. அதற்குள் இரு கட்சியாரும் உடன்பட்டு ஒதுக்கீட்டை நிறைவேற்றல் வேண்டும். உடன்படாவிடின்? 1884 முதல் வேரோடி வளர்ந்த ஒரு சட்டம், ஒதுக்கீடின்றிச் செலவுக்குப் பொறுப்பேற்பதைத் தடுக்கிறது; ஊதியமின்றி உழைக்க முன்வருவோரின் பணியை ஏற்பதையும் தடுக்கிறது. உயிருக்கும் உடைமைக்கும் நேரும் இடர் ஒன்றே விலக்கு. எனினும் நெடுங்காலம் இச்சட்டம் எவர் வாயிலையும் பூட்டவில்லை. ஒதுக்கீடு பிறக்கத் தாழ்ந்தால், செலவைச் சற்றே சுருக்கிக்கொண்டு அலுவலகங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1980-இலும் 1981-இலும் தலைமை வழக்குரைஞர் பெஞ்சமின் சிவிலெட்டி தந்த விளக்கங்களே பூட்டுக்குத் திறவுகோல் செய்தவை. சட்டம் பழையது, பூட்டு புதியது. நூற்றாண்டுக் காலமாய் இல்லாத கட்டாயம் ஒரு விளக்கவுரையால் பிறந்ததெனின், மற்றொரு சட்டத்தால் அதனை மாற்றவும் ஒண்ணும். மாற்றாமலிருப்பது இயலாமையன்று, விருப்பம்.

இனிப் பல்கலைக்கழகங்களின் நிலையைப் பார்ப்போம். ஓர் ஆய்வுக்கென முன்னரே உறுதிசெய்து வழங்கப்பட்ட நல்கை, அரசு முடங்கிய நாளில் செத்துவிடுவதில்லை. அப்பணம் சென்ற ஆண்டுகளின் ஒதுக்கீட்டிற் கட்டுண்டது. அதனைச் செலவிட்டுப் பணியைத் தொடரலாம். பல்கலைக்கழக ஊழியர் கூட்டரசின் ஊழியரல்லர். வீட்டுக்குப் போ என்னும் ஆணை அவர்களைத் தொடாது. ஏட்டளவில் இவ்வளவும் சரியே.

நடைமுறையோ வேறு. பெரும்பாலும் பல்கலைக்கழகம் முதலில் தன் கைப்பணத்தைச் செலவிட்டுப் பின்னரே கூட்டரசினின்று மீட்டுக்கொள்கிறது. மீட்டுத்தரும் அலுவலர் வீட்டிலிருந்தால், செலவிட்ட பணம் செலவிட்ட இடத்திலேயே கிடக்கும். பல்லாண்டு ஆய்வுகளுக்குத் தொகை ஆண்டுக்கொருமுறை பகுதி பகுதியாக வருகிறது. அப்பகுதி முடக்க நாளில் வரவேண்டியதாயின் வராது. ஆய்வின் தலைவரை மாற்ற வேண்டுமா, நோக்கத்தைத் திருத்த வேண்டுமா, முன்னிசைவு வேண்டும். இசைவு தருவோரோ இல்லை. மின்மடல் விடுத்தால், ஒதுக்கீடு இன்மையால் மறுமொழி தர இயலாது என்னும் பொறியின் விடையே திரும்பும். புதிய நல்கை விண்ணப்பங்களைச் சீர்தூக்கும் குழுக்கள் கூடா. இசைவு வருமெனத் துணிந்து செலவிட்டால், வாராதபோது அச்சுமை பல்கலைக்கழகத்தின் தலையில்.

இந்நிலையில் ஆட்சியாளர் விடுக்கும் சுற்றறிக்கைகளின் சுவையே தனி. பணியை நிறுத்தற்க, ஆயினும் செலவைக் குறைக்க. புதியோரை அமர்த்தற்க, ஆயினும் ஆய்வின் இலக்கைத் தவறவிடற்க. விலை மிகுந்த கருவி வாங்கற்க, வழிச்செலவு செய்யற்க. அரசு எங்கும் இவ்வாறு கட்டளையிடவில்லை. அச்சம் இட்ட கட்டளை இது. செல்வம் குவித்து வைத்துள்ள பல்கலைக்கழகம் தன் சேமிப்பினின்று ஊதியம் தந்து நாளைக் கடத்தும். கையிருப்பற்ற சிறு மாநிலக் கல்லூரியோ முதற்கிழமையிலேயே மூச்சுத் திணறும். முடக்கம் அனைவர்க்கும் ஒன்றே எனினும், முடங்குவோர் அனைவரும் அல்லர்.

பிறகு எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும், சற்றே பொறுத்தால் என்ன என்பார் சிலர். பணம் திரும்பலாம், பருவம் திரும்புமா? 2013-இல் தென்முனைக் கண்டத்தின் ஆய்வு நிலையங்களைக் காவலாள் மட்டும் எஞ்ச ஒடுக்குவதென அறிவித்தனர். அங்கே ஆய்வுக்குரிய கோடை குறுகியது. பதினாறாம் நாள் கதவு திறந்த பின்னும் அப்பருவத்தின் பணிகள் பல கைவிடப்பட்டன. அதே ஆண்டு அக்தோபர் 4-இல் நாட்டு வானொலி வானியல் நிலையத்தின் பெருந்தொலைநோக்கிகள் கண்மூடின. நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனை, கிழமைதோறும் ஏறத்தாழ 200 நோயரைப் புதிய ஆய்வு மருத்துவத்திற் சேர்க்க இயலாது என்றது. அவருள் 30 பேரளவில் குழந்தைகள். பெரும்பாலும் புற்றுநோய் கண்டவர்கள். அக்குழந்தைகளிடமோ சற்றே பொறுக்கச் சொல்வது? 2018-இல் அந்நிறுவனத்திற்கு முன்னரே ஒதுக்கீடு நிறைவேறியிருந்ததால் அது தப்பியது. அறிவியல் நல்கை வழங்கும் அமைப்பும் நாசாவும் அகப்பட்டுக்கொண்டன. எந்த ஆய்வு பிழைக்கும் என்பது அதன் தகுதியால் அமையாமல், எந்த மசோதா முன்னர் நிறைவேறியது என்னும் குருட்டுக் கணக்கால் அமைகிறது.

இழப்பும் சிறிதன்று. 35 நாள் முடக்கத்தில் நாட்டின் ஆக்கத்தினின்று 300 கோடித் தாலர் மீளாதொழிந்ததென அந்நாட்டு மன்றத்தின் வரவு செலவு அலுவலகமே கணக்கிட்டது. பணம் மிச்சப்படுத்தவா இந்தப் பூட்டு?

பிரித்தானிய வழி வந்த நாடாளுமன்றங்களில் அரசுக்குப் பணம் மறுக்கப்பட்டால் அமைச்சரவை வீட்டுக்குப் போகும். அங்கே அரசு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எழுத்தர் வீட்டுக்குப் போகிறார். மன்ற உறுப்பினர்தம் ஊதியமோ முடக்கத்திலும் நிற்பதில்லை. தம் கலத்தில் சோறு குறையாதவர்க்கு உலை அணைந்தது எவ்வாறு தெரியும்?

2019-இல் இயற்றிய சட்டம், முடக்கம் தீர்ந்தபின் கூட்டரசு ஊழியர்க்கு நிலுவை ஊதியம் உண்டென உறுதி கூறியது. நல்கையை நம்பி வாழும் ஆய்வு உதவியாளர்க்கும், திங்கள் ஊதியத்தில் வாடகை கட்டும் மாணவர்க்கும் அதில் இடமில்லை. முந்திய ஆண்டின் ஒதுக்கீடு தானே தொடரும் வகையில் ஒரு சட்டம் செய்வது மன்றத்தின் கடன். அது செய்யும்வரை பல்கலைக்கழகங்கள் வாளாவிருத்தல் தகாது. கூடத்துப் பணியாளர் ஊதியத்திற்கெனத் தனியொரு கையிருப்பை ஒதுக்குக. காலநீட்டிப்பும் முன்னிசைவும் வேண்டுவனவற்றைச் செப்டம்பர் திங்களுக்குள் கேட்டு முடிக்குக. முடக்க நாளில் எவர் ஊதியம் எத்தனை நாள் உறுதி என்பதை, அடுத்த அக்தோபர் முதல் நாளுக்கு முன்னரே எழுத்தில் அவர் கையிற் கொடுக்குக.